களிமண்ணில் ஒரு செண்பகம்

எங்கள் ஊர் மன்னார்குடி. தலபுராணத்தில் இந்த ஊருக்குச் செண்பகாரண்யம் என்று ஒரு பெயர் உண்டு. செண்பகக் காடு என்று அர்த்தம். ஆனால் நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூடச் செண்பக மரம் இல்லை. தென்னை இருந்தது, மா இருந்தது, முருங்கையும் கொய்யாவும் இருந்தன. என் மாமியாருக்கோ செண்பகப் பூ என்றால் உயிர். சின்ன வயதில் அவர் பிறந்த வீட்டுக் கொல்லையில் ஒரு பெரிய மரம் நின்றதாம். விடியற்காலையில் கதவைத் திறந்தாலே வாசனை முகத்தில் வந்து மோதும் என்பார். "நம்ம கொல்லையிலயும் ஒண்ணு வைம்மா, உனக்குச் செடி நல்லா வரும்" என்று அவர் சொன்னது 2009இல். அதிலிருந்து இந்த மரத்தோடு பதினாறு வருடமாகப் பழகிவருகிறேன். ஒரு செடியைப் பறிகொடுத்தேன், ஒன்றைக் காப்பாற்றினேன், விதையிலிருந்தும் சிலவற்றை வளர்த்தேன். இதில் தெரிந்துகொண்டதை எழுதிவைத்தால், களிமண் பூமியில் செண்பகம் வைக்க ஆசைப்படுபவர்களுக்காவது உதவும்.

முதல் செடி செத்த கதைதான் முக்கியம். 2009 ஆடியில், வண்டியில் செடி கொண்டுவந்து விற்றவரிடம் வாங்கினேன். இரண்டடி உயரம், பளபளவென்று நீளமான இலைகள். ஆடிப் பட்டம், மரம் வைக்க நல்ல நேரம் என்று எல்லோரும் சொன்னார்கள். கொல்லையில் கிணற்றடிக்குப் பக்கத்தில், எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில் குழி எடுத்து நட்டேன். செண்பகம் மலைக்காட்டு மரம், மழை நிறையக் கேட்கும், ஆகவே ஈரம் இருக்கும் இடமே நல்லது என்பது என் கணக்கு. இரண்டு மாதம் நன்றாகத் துளிர்த்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. டெல்டாவில் இருப்பவர்களுக்குத் தெரியும், நான்கு நாள் அடைமழை பெய்தால் கொல்லையில் நீர் நிற்கும். பத்து நாள் நின்றது. கார்த்திகை முடிவதற்குள் இலைகள் தொங்கின. தண்ணீர் போதவில்லையோ என்று நான் மேலும் இரண்டு குடம் ஊற்றினேன். செடி காய்ந்தே போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்துப்போய், கையில் உருவினால் தோல் தனியாகக் கழன்று வந்தது. ஒரு கெட்ட நாற்றம் வேறு.

ஈரம் வேண்டும் என்று நான் நினைத்தது சரி. நீர் தேங்கினால் என்ன ஆகும் என்றுதான் யோசிக்கவில்லை. செண்பகத்தின் வேர் கனமானது, சதைப்பற்றுள்ளது. அதற்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு காற்றும் வேண்டும். மலையில் எவ்வளவு மழை பெய்தாலும் சரிவில் ஓடிப்போய்விடும், மண்ணும் மக்கிய இலையோடு பொலபொலவென்று இருக்கும். இங்கே களிமண்ணில் குழி வெட்டினால் அது ஒரு தொட்டிதான். வெளியே வழியில்லாமல் தண்ணீர் உள்ளேயே நிற்கும், வேர் மூச்சுவிட முடியாமல் அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது, அதனால் இலை வாடும். அந்த வாட்டத்தைப் பார்த்துத்தான் நான் மேலும் தண்ணீர் ஊற்றினேன். மண்ணைக் கிளறிப் பார்க்காமல் வாடிய செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

இப்போது யார் கேட்டாலும் செடி வாங்கும் முன் ஒரு சோதனை செய்யச் சொல்கிறேன். நட நினைக்கும் இடத்தில் இரண்டடி ஆழத்துக்குக் குழி எடுங்கள். விளிம்பு வரை நீர் ஊற்றுங்கள். அது வடிந்த பிறகு மறுபடியும் ஊற்றுங்கள். இரண்டாவது முறை ஊற்றிய நீர் மறுநாள் காலையிலும் குழியில் நின்றால் அந்த இடத்தில் குழிக்குள் நடக் கூடாது, மேடு போட்டு நட வேண்டும். என் கொல்லையில் இரண்டு நாள் நின்றது.

அடுத்த செடியை 2011 தையில் வைத்தேன். ஆடியை விட்டுத் தைக்கு மாறியதற்குக் காரணம் உண்டு. ஆடியில் நட்டால் மூன்றே மாதத்தில் பெருமழை வந்துவிடும், வேர் பிடிப்பதற்குள் செடி வெள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். தையில் மழை முடிந்து மண் ஓரளவு உலர்ந்திருக்கும். கோடை முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றும் வேலை நமக்குக் கூடுதலாக இருக்கும், ஆனால் அது நம் கையில் இருக்கும் வேலை. அடுத்த ஐப்பசி வரும்போது செடிக்குப் பத்து மாத வேர் இருக்கும். செம்மண் பூமியில், மேட்டு நிலத்தில் இருப்பவர்களுக்கு ஆடியே சரி. தாழ்ந்த களிமண் நிலத்துக்காரர்களுக்கு என் அனுபவத்தில் தைதான்.

மேடு போட்டது இப்படி. ஆறடி அகலத்துக்கு வட்டம் கீறி, உள்ளே மண்ணை ஒரு முழம் ஆழத்துக்குக் கொத்தி மட்டும் விட்டோம். குழி எடுக்கவில்லை. அதன்மேல் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு எங்கள் கொல்லை மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு, அரைப் பங்கு ஆற்று மணல் கலந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கொட்டினோம். எரு மக்கியிருப்பது முக்கியம். பச்சைச் சாணத்தைப் போட்டால் சூட்டில் இளவேர் கருகும். மேட்டின் ஓரம் மழையில் கரையாமலிருக்கச் சுற்றிலும் பழைய ஓடுகளைச் செருகினோம். ஒரு பக்கத்தில் மட்டும் சின்ன வாய்க்கால் விட்டு, நீர் வடிந்து தோட்டத்துப் பள்ளத்துக்குப் போகும்படி செய்தோம். மாமா அப்போது நடமாட்டமாக இருந்தார். வாய்க்காலின் வாட்டத்தை அவர்தான் பார்த்துச் சொன்னார். நிலத்தில் நீர் ஓடும் போக்கு விவசாயிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

இந்த முறை செடியையும் பார்த்து வாங்கினேன். செண்பகம் இரண்டு விதமாகக் கிடைக்கும். விதைச் செடி பூக்க எட்டு வருடத்திலிருந்து பத்து வருடம்வரை ஆகலாம். ஒட்டுச் செடி இரண்டு மூன்று வருடத்தில் பூக்கும், ஏனென்றால் அதன் மேல்பகுதி ஏற்கெனவே பூத்த மரத்தின் கிளை. மாமியாருக்கு அப்போதே எழுபதைத் தாண்டிவிட்டது. நான் ஒட்டுச் செடியைத் தேர்ந்தெடுத்தேன். தண்டின் அடியில், மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் ஒட்டுக் கட்டிய இடம் கணுபோல் புடைத்திருக்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே காசு கொடுங்கள். புடைப்பே இல்லாமல் நேராக இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் அது விதைச் செடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். என் முதல் செடியும் அப்படித்தான் இருந்தது, எனக்கு அப்போது தெரியவில்லை.

பெயர்க் குழப்பமும் கொஞ்சம் உண்டு. செண்பகம், சண்பகம் இரண்டும் ஒன்றே. நம்மூரில் சம்பங்கி என்றால் கிழங்கிலிருந்து வரும் வெள்ளைப் பூ, அது வேறு. வடக்கே சம்பா என்ற பெயரில் பால் வடியும் அரளி வகை ஒன்றைச் சொல்வார்கள், அதுவும் வேறு. செடியைப் பார்த்தே உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு இலைக்காம்பும் தண்டில் சேரும் இடத்தில், தண்டைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் ஒரு மெல்லிய வடு இருக்கும். துளிரை மூடியிருந்த உறை உதிர்ந்த தடம் அது. மக்னோலியா குடும்பத்தின் பொது அடையாளம். இலையைக் கிள்ளினால் பால் வராது.

மக்னோலியா என்றதும் குளிர் நாட்டில் பூக்கும் பெரிய வெள்ளைப் பூதான் பலருக்கு நினைவு வரும். நம் செண்பகமும் அந்த இனமே. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இதற்கு மிக்கேலியா சம்பகா என்று பெயர் வைத்தார். பிற்காலத்தில் மிக்கேலியாக்களையெல்லாம் மக்னோலியாவோடு சேர்த்துவிட்டதால் இப்போது மக்னோலியா சம்பகா. பெயரின் பின்பாதி நம் பக்கத்துப் பெயர்தான். இது எங்கிருந்தோ கொண்டுவந்த அலங்கார மரம் கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளில் தானாக வளர்கிறது, அங்கே 30 மீட்டரைத் தாண்டிப் போகும். நீலகிரி, பழனி மலைச் சோலைகளில் வெள்ளையாகப் பூக்கும் காட்டுச் செண்பகம் இதற்கு நெருங்கிய சொந்தம். மாமியாரிடம் இதைச் சொன்னபோது, "மலையிலேருந்து வந்த பொண்ணா, அப்ப பார்த்துப் பக்குவமாத்தான் வெச்சுக்கணும்" என்றார்.

நடும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. வேரைத் தொடாதீர்கள். மற்றச் செடிகளுக்குப் பையைக் கிழித்து, சுற்றிக்கொண்ட வேரை விரலால் பிரித்துவிடுவோமே, அதைச் செண்பகத்துக்குச் செய்யக் கூடாது. அதன் வேர் தடித்து எளிதில் ஒடியும், ஒடிந்த இடத்தில் சீக்கிரம் அழுகும், புதிய வேர் விட நாளாகும். பையைக் கத்தியால் கீறி, மண்கட்டி உடையாமல் அப்படியே இறக்குங்கள். ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே நான்கு விரல் உயரத்திலாவது நிற்கட்டும். ஒருமுறை நட்டால் நட்டதுதான். "இரண்டு வருஷம் பார்த்துவிட்டு இடம் மாற்றிக்கொள்ளலாம்" என்ற நினைப்பு இந்த மரத்துக்கு ஒத்துவராது. ஆகவே வீட்டுச் சுவரிலிருந்து பதினைந்து அடியாவது தள்ளி, மேலே மின்கம்பி இல்லாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு கோடையும் கஷ்டம். காட்டில் இந்த மரத்தின் கன்று பெரிய மரங்களின் நிழலில்தான் வளர்கிறது. நம் சித்திரை வெயிலை அதனால் நேராகத் தாங்க முடியாது, இலை ஓரம் கருகும், இளந்தண்டின் பட்டை வெடிக்கும். மேற்குப் பக்கத்தில் ஒரு வாழைக் கன்று வைத்தேன். அது வளரும்வரை மூன்று கழி நட்டு ஒரு தென்னங்கீற்றைச் சாய்த்துக் கட்டினேன். காலை வெயில் படட்டும், பிற்பகல் வெயிலை மறைத்தால் போதும். அடியில் காய்ந்த இலை, வைக்கோல், தென்னை நார் எது கிடைத்தாலும் நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டேன். தண்டை ஒட்டிப் போடாமல் ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் பட்டை ஈரத்தில் அழுகும். மூடாக்கு இருந்தால் கோடையில்கூட இரண்டு நாளைக்கு ஒரு முறை இரண்டு குடம் போதும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு நுழைத்துப் பார்ப்பேன். ஈரம் தட்டினால் அன்று ஊற்ற மாட்டேன்.

2012 நடுவில் புதிதாக ஒரு தொல்லை. இளம் இலைகள் வெளிர் மஞ்சளாக வந்தன. நரம்பு மட்டும் பச்சையாக, வலை பின்னியதுபோல் தெரியும். தழைச்சத்துக் குறைவாக இருக்கும் என்று எருவைக் கூட்டினேன். பலனில்லை. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள பழைய இலைகள்தான் முதலில் மஞ்சளாகும். எனக்கோ நுனி இலைகள் மஞ்சளாயின. இரும்புச் சத்துக் குறைவு என்று விவசாயம் படித்த உறவுக்காரப் பையன் ஒருவன் சொன்னான். மண்ணில் இரும்பு இல்லாமல் போகவில்லை, மண் காரத்தன்மைக்கு மாறியதால் வேரால் அதை எடுக்க முடியவில்லை. செண்பகம் சற்றே புளிப்புள்ள மண்ணை விரும்பும் மரம். யோசித்துப் பார்த்ததில் இரண்டு காரணம் பிடிபட்டது. மேட்டுக்குப் போட்ட கொல்லை மண்ணில், பழைய சுவர் இடித்தபோது புதைந்த சுண்ணாம்புக் காரையும் சிமென்டுத் துண்டும் கலந்திருந்தன. அப்புறம் எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்புப் படியும் கடினத் தண்ணீர். குடத்தின் உள்ளே வெள்ளையாக ஏடு கட்டும்.

கைக்குக் கிடைத்த காரைத் துண்டுகளை வேர் அறுபடாமல் மேலாகப் பொறுக்கினேன். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), அதில் அரை எலுமிச்சம்பழச் சாறு, இதை வடிகட்டி மாலையில் இலைகளின் இரண்டு பக்கமும் படும்படி தெளித்தேன். பதினைந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. மூன்றாவது முறைக்குள் புதுத் துளிர் பச்சையாக வந்துவிட்டது. ஆனால் அது தற்காலிக வைத்தியமே. நிரந்தரமாகக் கைகொடுத்தது தண்ணீரை மாற்றியதுதான். மாடியிலிருந்து இறங்கும் மழைநீரை ஒரு தொட்டியில் பிடித்து, அது இருக்கும்வரை அதையே ஊற்றினேன். அது தீர்ந்தால் அரிசி, பருப்புக் கழுவிய தண்ணீர். மூடாக்கு மக்கமக்க மண்ணும் மெல்ல மாறியது. 2014க்குப் பிறகு அன்னபேதி தெளிக்க அவசியமே வரவில்லை. கட்டடம் முடிந்த கையோடு மதிலோரம் செண்பகம் வைக்க நினைப்பவர்கள் அந்த மண்ணை இரண்டடி தோண்டிப் பார்த்துவிடுங்கள்.

ஒட்டுச் செடிக்காரர்கள் மறக்கக் கூடாத இன்னொன்று. ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழேயிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். அது அடித்தண்டின், அதாவது விதைச் செடியின் கிளை. மேலே இருப்பதைவிட வேகமாக வளரும், சத்தையெல்லாம் தானே இழுத்துக்கொண்டு ஒட்டுப் பகுதியைப் பட்டுப்போக வைத்துவிடும். எங்கள் தெருக்கோடி வீட்டில் இப்படித்தான், "நல்லா தழையுது" என்று விட்டுவிட்டார்கள். ஒட்டு எப்போது காய்ந்தது என்றே அவர்களுக்குத் தெரியாது.

2014 ஆடி மாதம். நட்டு மூன்றரை வருடம், மரம் பத்தடி இருக்கும். இலைக்கக்கத்தில் மெல்லிய மயிர் போர்த்த உறையோடு ஒரு மொட்டைப் பார்த்தேன். துளிர் என்று நினைத்துக் கடந்துபோயிருப்பேன், ஆனால் அது துளிரைவிடக் கொஞ்சம் குண்டாக இருந்தது. நான்கைந்து நாளில் உறை விரிசல் விட்டு விழுந்தது. உள்ளே மஞ்சள். சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் இதழ் பிரிய ஆரம்பித்தது. மாமியாருக்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்த்தினேன். வாசனை வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வெகுநேரம் அப்படியே இருந்தார். அந்த வருடம் பூத்தது மொத்தம் ஏழு பூ. ஏழையும் அவருக்கே கொடுத்தேன்.

பூவைப் பறிக்கவும் ஒரு பக்குவம் இருக்கிறது. அந்தி முதல் காலைவரைதான் வாசனை உச்சத்தில் இருக்கும், வெயில் ஏறினால் அடங்கிவிடும். மறுநாள் விரியப்போகிற மொட்டு பச்சை மாறி மஞ்சள் ஏறி, நுனி லேசாக நெகிழ்ந்திருக்கும். அதை மாலையில் காம்போடு பறித்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டால் இரவில் விரியும். இதழை விரலால் அழுத்தினால் அந்த இடம் பழுப்பாகிவிடும், ஆகவே காம்பை மட்டும் பிடிக்க வேண்டும். கிளையை இழுத்து வளைத்துப் பறிக்காதீர்கள். இதன் கிளை சட்டென்று முறியும்.

பழைய நிகண்டுகளில் சண்பகத்துக்கு வண்டுணா மலர் மரம் என்று ஒரு பெயர் உண்டு, வண்டு வந்து உண்ணாத பூ என்று. தேனீ மொய்த்து நானும் பார்த்ததில்லை. ஆனால் பூவுக்குள் உற்றுப் பார்த்தால் மிளகைவிடச் சிறிய கறுப்பு வண்டுகள் ஊர்வதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். மக்னோலியா குடும்பம் தேனீக்கள் தோன்றுவதற்கு முன்பே பூமியில் இருந்தது, மகரந்தம் சுமக்க அந்தக் காலத்தில் அதற்குக் கிடைத்தவை இப்படிப்பட்ட வண்டுகளே. இந்தப் பூவில் புல்லிவட்டம் வேறு, அல்லிவட்டம் வேறு என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரேமாதிரி இதழ்கள். அதுவும் அந்தப் பழமையின் அடையாளமே. பூ விரிந்ததும் முதலில் சூலகம் தயாராகும், மகரந்தம் அதற்குப் பிறகே உதிரும். தன் மகரந்தம் தன் மேலேயே விழாமலிருக்க மரம் செய்துகொண்ட ஏற்பாடு. கொல்லையில் காலையில் அரைமணி நேரம் சும்மா நின்றால் இதெல்லாம் கண்முன் நடக்கும்.

செண்பகம் வைத்தால் வாசனைக்குப் பாம்பு வரும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. பாம்பு எலியையும் தவளையையும் தேடித்தான் வரும், பூ வாசனையைத் தேடி வராது. மரத்தடியில் செங்கல்லும் விறகும் அடுக்கி வைக்காமலிருந்தால் போதும். இத்தனை வருடத்தில் எங்கள் செண்பகத்தடியில் ஒரு பாம்பையும் நான் பார்க்கவில்லை.

பூச்சிகளில் பெரிய தொல்லை கொடுத்தது செதில் பூச்சிதான். தண்டிலும் இலையின் அடியிலும் பழுப்புப் பொட்டு ஒட்டியதுபோல் இருக்கும். அது விடும் இனிப்பு நீருக்காக எறும்பு வரிசை கட்டும், இலை மேல் கரி பூசினாற்போல் பூசணம் படியும். எறும்பு ஏறுகிறதென்றால் செதில் பூச்சியைத் தேடுங்கள். முதலில் பழைய பல்துலக்கியால் தேய்த்துத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன். பிறகு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அது கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல், வாரம் ஒரு முறை மூன்று வாரம். மாவுப்பூச்சிக்கும் இதே வைத்தியம். வெயில் நேரத்தில் எண்ணெய் தெளித்தால் இலை கருகும்.

பச்சைப் புழு இளந்துளிரைத் தின்றால் அதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். கறுப்பு இறகில் பச்சைப் புள்ளி போட்ட ஒரு வண்ணத்துப்பூச்சி, பூவில் உட்கார்ந்து தேன் குடிக்கும்போதுகூட இறகை நிறுத்தாமல் படபடவென்று அடிக்கும், பார்த்திருப்பீர்கள். அது முட்டையிடும் மரங்களில் செண்பகமும் ஒன்று. நெட்டிலிங்கத்திலும் சீதாவிலும்கூட இடும். முதல் வருடம் தெரியாமல் நான் எல்லாப் புழுவையும் பொறுக்கி எறிந்தேன். இப்போது நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. கொஞ்சம் துளிர் போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. சின்னக் கன்றாக இருந்தால் மட்டும் புழுவைப் பக்கத்து நெட்டிலிங்கத்துக்கு மாற்றிவிடுவேன்.

பிறகு கஜா புயல் வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. எங்கள் பகுதியில் தென்னை மரங்கள் வரிசையாகச் சாய்ந்த அந்த ராத்திரியை யாரும் மறக்க முடியாது. விடிந்து கொல்லைக்குப் போனால் செண்பகம் பாதி சாய்ந்து, ஒரு பக்கத்து வேர் மேட்டைப் பிளந்துகொண்டு வெளியே தெரிந்தது. பெரிய கிளைகள் இரண்டு முறிந்து தொங்கின. இருபதடி மரம். போய்விட்டது என்றே நினைத்தேன். வெளியே வந்த வேர்களை உடனே ஈரச் சாக்கால் மூடினேன், காற்று பட்டு உலர்ந்தால் அவை பிழைக்காது. முறிந்த கிளைகளை அடியோடு அறுத்தோம். மீதிக் கிளைகளிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தோம். வேர் பாதியாகிவிட்ட மரம் பழைய அளவு இலையைத் தாங்காது. இரண்டாம் நாள் நான்கு பேர் சேர்ந்து, கயிற்றுக்கு அடியில் சாக்கைச் சுற்றிப் பட்டை காயமாகாமல் மெதுவாக இழுத்து நிமிர்த்தினோம். முழுக்க நேராக்கவில்லை, அதற்குமேல் இழுத்தால் மறுபக்கத்து வேரும் அறுந்திருக்கும். மூன்று பக்கம் மூங்கில் முட்டு, மேலே புது மண். ஒன்றரை வருடம் அந்த முட்டுகளை எடுக்கவில்லை. இரண்டு வருடம் ஒரு பூகூட இல்லை, இலை மட்டும். 2021 ஆவணியில் மறுபடி பூத்தது. இன்றும் கிழக்கே கொஞ்சம் சாய்ந்துதான் நிற்கிறது.

அதிலிருந்து மரத்தை உயரமாக விடுவதில்லை. பூ ஓய்ந்ததும் உச்சிக் கொழுந்தையும் மேல்நோக்கிப் போகும் கிளைகளையும் அளவாகக் குறைக்கிறேன். பக்கக் கிளைகள் வரும், பூவும் கைக்கெட்டும் உயரத்தில் கிடைக்கும். ஒரேயடியாக மொட்டையடித்தால் அடுத்த வருடம் பூக்காது. வேறு நிறம் வேண்டும் என்பவர்கள் வெள்ளைச் செண்பகத்தைப் பார்க்கலாம். இதழ் மெலிந்து நீண்டிருக்கும், வாசனையும் நல்ல வாசனை. அது கலப்பினம், விதை கட்டுவது அபூர்வம், ஆகவே ஒட்டோ பதியனோ வாங்க வேண்டும். எனக்கென்னவோ மஞ்சளுக்கு ஈடாகத் தோன்றவில்லை.

விதை விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பூ உதிர்ந்த பிறகு திராட்சைக் கொத்துபோல் காய் கட்டும், வெளிர்பச்சைத் தோலில் வெள்ளைப் புள்ளிகள். முற்றினால் ஒவ்வொரு காயும் வெடித்து, செக்கச்செவேலென்ற சதை போர்த்த விதை வெளியே தெரியும். மைனா, குயில், கொண்டைக்குருவி எல்லாம் அதற்கு வரிசையில் நிற்கும். 2016இல் ஒரு கைப்பிடி விதை எடுத்து, நெல் விதைபோல் நினைத்து வெயிலில் காயவைத்து டப்பாவில் போட்டு, இரண்டு மாதம் கழித்து விதைத்தேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. இந்த விதையில் எண்ணெய் அதிகம், உலர்ந்தால் முளைப்புத் திறன் வேகமாகப் போய்விடும். அடுத்த வருடம் வெடித்த அன்றே எடுத்து, ஈர மணலோடு உள்ளங்கையில் தேய்த்துச் சிவப்புச் சதையை முழுக்க நீக்கினேன். சதை இருந்தால் எறும்பு இழுத்துப் போகும், மிஞ்சியது பூசணம் பிடிக்கும். கழுவிய கறுப்பு விதையை மணலும் மக்கிய இலையும் கலந்த தட்டில் அரை விரல்கணு ஆழத்தில் நட்டு, நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். நாற்பத்திரண்டாம் நாள் முதல் முளை. முப்பது போட்டதில் பதினொன்று வந்தது. சிலது மூன்று மாதம் கழித்துக்கூட முளைத்தது, ஆகவே தட்டை அவசரப்பட்டுக் கொட்டிவிடாதீர்கள்.

அதில் ஒரு கன்றைத் தென்காசியில் இருக்கும் என் நாத்தனாரிடம் கொடுத்தேன். குற்றாலத்தில் பேரருவிக்கு மேலே செண்பகாதேவி அருவி இருக்கிறது. அந்தப் பெயரே அங்குள்ள செண்பக மரங்களால் வந்தது என்பார்கள். மலையடிவாரச் செம்மண், சாரல் மழை. மேடும் போடவில்லை, அன்னபேதியும் தெளிக்கவில்லை. குழி எடுத்து நட்டதோடு சரி. நான் இங்கே மன்றாடி வளர்த்ததை அந்த மண் தானாக வளர்த்தது. இந்த ஆனியில் போயிருந்தபோது வீட்டு மாடியைத் தாண்டி நின்றது. இன்னும் பூக்கவில்லை. "அண்ணி, எப்பத்தான் பூக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கீழ்க்கிளை ஒன்றை மெல்லத் தாழ்த்தி, இலைக்கக்கத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். மூன்றாவது இலையில், மயிர் போர்த்த உறையோடு, துளிரைவிடக் கொஞ்சம் குண்டாக ஒன்று விரலில் தட்டியது. அவள் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.